யார் காலுக்கு இந்தக் கிளட்ச்

மாமா,

இன்று காலை சேகர் ஒர்க்‌ஷாப்பில் நம் வண்டியின் கியர்பாக்ஸை இறக்கினார்கள். கிளட்ச் பிளேட்டைக் கழற்றி வெளியே எடுத்ததுமே அந்த வாசம் வந்துவிட்டது. கருகிய நாரும் சூடான இரும்பும் கலந்து, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற வாசம். மற்றவர்களுக்கு அது நாற்றம். வாழ்நாளெல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும் சேகர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் மட்டும் பிளேட்டைக் கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன்.

"பாய், அத மோந்து பாத்து என்னா ஆகப் போவுது? புதுசு என்ன போடுறதுன்னு சொல்லுங்க" என்றான்.

நீ அந்தக் காலத்தில் போனில் படம் பார்த்துப் பெருமூச்சு விடுவாயே, வெளிநாட்டு கிளட்ச் கிட், அது இப்போது கோயம்புத்தூரிலேயே கிடைக்கிறதாம். விலையும் நம்மை மிரட்டிய அளவுக்கு இல்லையாம். நீ ஆசைப்பட்டு வாங்காமல் விட்டது. அதையே போட்டுவிடலாம், மாமா பேரைச் சொல்லி அது வண்டியில் இருக்கட்டும் என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது சேகர் சாதாரணமாக ஒன்று கேட்டான்.

"சரி, இனிமே வண்டிய யாரு ஓட்டப் போறா?"

அது அவன் கேள்வி இல்லை, உன் கேள்வி. உன்னிடமிருந்து தொற்றிக்கொண்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

உனக்கும் எனக்கும் ஒரே வயது. உன் தங்கச்சி கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுக்கத் திண்டுக்கல்லில் எங்கள் கடைக்கு வந்தாய். அத்தா தொழுகைக்குப் போயிருந்ததால் கடையில் நான் இருந்தேன். பெரிய தேக்சாவைத் தட்டிப் பார்த்து, "மாப்ள, இதுல ஓட்டை கீட்டை இல்லையே?" என்றாய். முன்பின் தெரியாத ஆளை மாப்பிள்ளை என்று கூப்பிடுவது நம் ஊரில் அதிசயமில்லை. பாய்மாரும் வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகளும் மாமன் மச்சானாகப் பழகுகிற ஊர்தானே. ஆனால் நீ முந்திக்கொண்டு மாப்ள என்று சொல்லிவிட்டதால், உன்னை நான் ஆயுசுக்கும் மாமா என்று கூப்பிட வேண்டியதாகிவிட்டது. இரண்டு நிமிடம் நான் முந்தியிருந்தால் நீ மாப்பிள்ளையாகியிருப்பாய். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

பாத்திரம் திரும்பி வந்தபோது ஒரு வெள்ளைக் காரின் பின்சீட்டை மடக்கி அதில் ஏற்றிக்கொண்டு வந்தாய். பார்த்தால் வாத்தியார் ஓட்டுகிற வண்டி மாதிரி இருக்கும், ஒரு ஸ்டிக்கர் கிடையாது. உள்ளே வேலையெல்லாம் ஆகியிருந்தது. டர்போ வைத்த டீசல் இன்ஜின். வெளியேறுகிற புகையின் வேகத்திலேயே சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சின்ன விசிறிதான் டர்போ என்று எனக்கு விளக்கினாய். அந்த விசிறி இன்னும் வேகமாகத் திணிக்கும்படி கோயம்புத்தூரில் ஒருவர் லேப்டாப்பை இணைத்து ஏதோ மாற்றிக் கொடுத்திருந்தார். சைலன்சர் குழாயையும் அகலமாக்கியிருந்தாய். கன்னிவாடியில் தென்னையும் மக்காச்சோளமும் போடுகிற சம்சாரிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "ஒனக்கு எதுக்கு பிரியாணியில நெய்யி?" என்று திருப்பிக் கேட்டாய். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்த வண்டியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து பழனி ரோட்டில் போன மாதிரி சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அந்த ரோட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தேங்காய் மட்டை ஏற்றிய லாரி ஒன்றை முந்துவதற்காக ஆக்ஸிலேட்டரை மிதித்தாய். இன்ஜின் காது கிழியக் கத்தியது. வண்டி மட்டும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் பயந்துபோய் உன்னைப் பார்த்தால், நீ பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

"கிளட்ச் வழுக்குது மாப்ள. இன்ஜினு குடுக்குறத அதால பிடிச்சு நிக்க முடியல. அம்புட்டு பவரு!"

ஈரக் கையால் கிணற்றுக் கயிறைப் பிடித்தால் வாளி வராமல் கயிறு மட்டும் வழுக்குமே, அது மாதிரி என்றாய். கம்பெனி போட்ட கிளட்ச் கம்பெனி கொடுத்த சக்திக்குத்தான். நீ சக்தியைக் கூட்டிவிட்டாய், பிடியைக் கூட்டவில்லை.

அதற்குப் பிறகு நமக்கு வேறு பேச்சே இல்லாமல் போனது. என் கடையில் தேக்சாக்களுக்கு நடுவே உட்கார்ந்து கிளட்ச் பேசினோம். வெளிநாட்டு கிட்டின் விலையைப் பார்த்து நீயே போனைக் கவிழ்த்து வைத்தாய். "தேங்காய வித்துக் கிளட்ச் வாங்கலாம், தென்னை மரத்த வித்து வாங்கக் கூடாது" என்றாய். சேகர், கம்பெனி கிளட்ச்சையே புதிதாகப் போட்டுப் பேசாமல் ஓட்டுங்கள் என்றான். அதற்கு நீ அவனோடு கொஞ்ச நாள் பேசவே இல்லை.

கடைசியில் உன் சம்சாரி மூளை வேலை செய்தது. உழவு ஓட்டும் டிராக்டரில் என்ன கிளட்ச் இருக்கிறது? பட்டன் பிளேட்டு. சுற்றிலும் நார் ஒட்டுவதற்குப் பதிலாகச் செம்புக் கலவையில் நாலைந்து கட்டிகளை ஆணியடித்துத் தறைந்திருப்பார்கள். சகதியில் இழுத்தாலும் வழுக்காது. டிராக்டரையே தாங்குவது இந்தச் சுண்டைக்காய் காரைத் தாங்காதா? வத்தலக்குண்டு ரோட்டில் லாரிக்கும் டிராக்டருக்கும் பிளேட்டு தறைகிற பட்டறையில் நம் பிளேட்டைக் கொடுத்தாய். அதை அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கையும் கூட்டச் சொன்னாய். செலவு நம் கைக்கு அடங்கியது. ஊரே நம்மைப் பார்த்துப் பொறாமைப்படப் போகிறது என்று நினைத்தோம்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் நினைவிருக்கிறதா? ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில் பாத்திரத்துக்குப் பேசி முடிக்க வேண்டும் என்று நான் சொல்ல, புது கிளட்ச்சைக் காட்டுகிற ஆசையில் நீயே கிளம்பிவிட்டாய். பாதயாத்திரைக் கூட்டம் ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு போகிறது. பச்சைச் சேலையும் மஞ்சள் வேட்டியும் காவடியுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் ஜனம். அவர்கள் பின்னாலேயே நாமும் ஊர்ந்து போக வேண்டும்.

பட்டன் பிளேட்டுக்கு ஊர்ந்து போகத் தெரியாது மாமா. பிடித்தால் ஒரே பிடி, விட்டால் ஒரே விடு. நீ காலை எவ்வளவு மெதுவாக எடுத்தாலும் வண்டி வெடுக்கென்று துள்ளி நிற்கும். மறுபடி துள்ளும். நாம் இரண்டு பேரும் உள்ளே தலையாட்டிக்கொண்டே போகிறோம். பக்கத்தில் நடந்து வந்த ஒரு அம்மா கொஞ்ச தூரம் பார்த்துவிட்டு, கண்ணாடி அருகே குனிந்து சொன்னது:

"ஏம்ப்பா, ஓட்டத் தெரியலன்னா எறங்கி எங்க கூட நடந்து வாங்க. முருகன் கொண்டுபோயிச் சேத்துருவாரு."

அந்தக் கூட்டமே சிரித்தது. மாவட்டத்திலேயே நீதான் நல்ல டிரைவர் என்று நினைத்திருந்த உன் முகத்தை நான் அன்றைக்குப் பார்த்திருக்கிறேன். ஓரமாக நிறுத்திவிட்டு, யாத்திரைக்காரர்களுக்கு வைத்திருந்த பந்தலில் மோர் வாங்கிக் குடித்தோம். இடது தொடையைப் பிசைந்துகொண்டே இருந்தாய். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்.

"மாப்ள, நாம கேட்ட கேள்வியே தப்பு. எம்புட்டு பவரு தாங்கும்னு மட்டுந்தான் கேட்டோம். யாரு ஓட்டுறா, எந்த ரோட்டுல ஓட்டுறான்னு கேக்கவே இல்ல."

அதன் பிறகுதான் சரியான வழி கிடைத்தது. அதே இன்ஜினைக் கம்பெனியே இன்னொரு பெரிய வண்டியிலும் வைத்திருந்தது. அந்த வண்டிக்குக் கனம் அதிகம், அதனால் கிளட்ச்சும் அகலம். உள்ளே நார் பிளேட்டுதான், துள்ளாது. பிளேட்டு ஒட்டிச் சுற்றுகிற பிளைவீல் சக்கரத்தோடு சேர்த்து மாற்றினால் நம் வண்டியில் அப்படியே உட்காரும் என்று நீ எங்கெங்கோ விசாரித்துக் கண்டுபிடித்தாய். சாதாரண ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சாதாரண விலைக்குக் கிடைத்தது. பெடல் முன்பைவிடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். சேகர் மாட்டிக் கொடுத்த அன்றைக்குக் கன்னிவாடி மலையடிவாரம் வரை போனோம். மூன்றாவது கியரில் நீ மிதித்தாய், முதுகு சீட்டோடு ஒட்டியது, வழுக்கவில்லை. திரும்பும்போது ஊருக்குள் ஆட்டு மந்தைக்குப் பின்னால் ஊர்ந்தும் வந்தோம், துள்ளவில்லை. "இதுதான் மாப்ள கிளட்ச்சு" என்று ஸ்டியரிங்கைத் தட்டினாய்.

வண்டியை என்னிடம் கொடுக்க மட்டும் உனக்கு மனசே வராது. கெஞ்சிக் கேட்டால் ஒட்டன்சத்திரம் வரைக்கும் கொடுப்பாய், அதற்குள் நூறு திட்டு. கியர் போட்ட பிறகும் என் இடது கால் பெடல் மேலேயே உட்கார்ந்திருக்குமாம். அப்படி லேசாக மிதித்தபடியே ஓட்டினால் பிளேட்டு தேய்ந்து கருகும் என்பாய். "கால எடு மாப்ள. அது என்ன ஒன் மாமியார் வீட்டுப் பாயா, கால வச்சா எடுக்க மாட்டேங்குற?" நானும் சளைக்காமல் ஏதாவது சொல்வேன். எடுத்ததே இல்லை.

பிறகு ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், கிளட்ச் கனமாகிவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தாய்.

நமக்குக் கார்தான் உலகம். அதனால் காரில்தான் தேடினோம். சேகர் ரிலீஸ் பேரிங்கை மாற்றினான். பெடலிலிருந்து கிளட்ச்சுக்கு அழுத்தம் கொண்டுபோகிற சிலிண்டரை மாற்றினான். கியர்பாக்ஸை இறக்கி உள்ளே இருந்த தண்டுக்குக் கிரீஸ் வைத்து ஏற்றினான். நீ ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கனமாத்தாண்டா இருக்கு" என்றாய். பிரஷர் பிளேட்டு டூப்ளிகேட் என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போனோம். நான்தான் அதிகம் கத்தினேன். அவன் பாவம், வேறொன்று கொடுத்தான். அதையும் மாட்டினோம். அதுவும் உனக்குக் கனமாக இருந்தது.

ஒரு நாள் என்னை உட்கார்ந்து மிதித்துப் பார்க்கச் சொன்னாய். மிதித்தேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது.

"மாமா, லேசாத்தான இருக்கு."

"ஒனக்கென்னப்பா, தேக்சா தூக்குற காலு."

இரண்டு பேரும் சிரித்தோம்.

கண்டுபிடித்தது அக்காதான். நீ எனக்கு மாமா என்றால் உன் மனைவி எனக்கு அக்காதானே, அப்படித்தான் கூப்பிட்டுப் பழகியிருந்தேன். தோப்பில் பம்புசெட்டிலிருந்து வீட்டுக்கு மூன்று பேரும் நடந்து வருகிறோம். நீ வழக்கம்போல ஏதோ டர்போ கதை சொல்லிக்கொண்டு முன்னால் போகிறாய். அக்கா நின்றுவிட்டார். வரப்பில் உன் இடது கால் செருப்பு கிடந்தது. நீ வெறுங்காலோடு போய்க்கொண்டே இருந்தாய். "தம்பி, பாருங்க. செருப்பு விழுந்தது தெரியாமலே நடக்குறாரு. நாலஞ்சு நாளா இப்படித்தான்" என்றார். கூப்பிட்டோம். திரும்பி உன் காலைக் குனிந்து பார்த்தாய். அப்புறம் நிமிர்ந்து வண்டி நின்ற பக்கம் பார்த்தாய். அப்போதே உனக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மதுரையில் பெரிய டாக்டர் ஊசிகளைச் செருகி, காந்தப் பெட்டிக்குள் படுக்க வைத்து, எல்லாம் பார்த்தார். மூளையிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன, காலில் தொடங்கியிருக்கிறது, காலோடு நிற்காது என்றார். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ டாக்டரைப் பார்த்துக் கேட்டாய்:

"அப்ப கிளட்ச்சு நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஊர் வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகச் சேகரிடம் போய், "தப்பு ஒன் மேல இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வந்தாய். தன் சாவைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றைக்கு மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்ட மனுஷன் உன்னைத் தவிர யாரும் இருக்க முடியாது.

அதற்கப்புறமும் கொஞ்ச நாள் பிடிவாதமாக ஓட்டினாய். முழுசாக மிதிக்க முடியாமல் அரைகுறையாக மிதித்து, கிளட்ச் கருகிப்போனது. புதிதாகப் போட வேண்டும். அந்தத் தடவை தேடியது நான். பஞ்சு மாதிரி பெடல் வேண்டும் என்று ஒரு பைத்தியம் மாதிரி அலைந்தேன். டர்போ சக்தியைக் குறைத்துவிட்டால் கம்பெனியின் சின்ன கிளட்ச்சே போதும், குழந்தைகூட மிதிக்கலாம் என்றார்கள். அதுவும் முடியாவிட்டால் கையால் கிளட்ச் அழுத்துகிற கருவி கால் முடியாதவர்களுக்கு மாட்டித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அதையும் விசாரித்தேன். பள்ளிவாசலில் தொழுகை முடிந்தும் எழுந்திருக்காமல் துஆ கேட்டுக்கொண்டிருப்பேன். அல்லாஹ்விடம்கூடக் கிளட்ச் பற்றித்தான் கேட்டேன்.

எல்லாவற்றையும் கொண்டுவந்து உன்னிடமும் சேகரிடமும் கொட்டினேன். ஒர்க்‌ஷாப் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாய். முடிந்ததும் சொன்னாய்.

"எனக்காகப் பாக்காத மாப்ள. ஒன் காலுக்குப் பாரு."

"நீதான ஓட்டப் போற."

"நான் ஓட்டப் போறதில்ல. இனிமே நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்குறேன். அந்த சீட்டுல கிளட்ச்சே கெடையாது, பாத்தியா?"

நான் முடியாது என்றேன். கோபமாகவே சொன்னேன். என் காலுக்கு ஒரு கிளட்ச் தேர்ந்தெடுத்தால் நீ இனி ஓட்டப்போவதில்லை என்பதற்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. நீ என்னைத் தாண்டிச் சேகரிடம் பேசினாய். "பவரக் கொறைக்காத. அதே பெரிய வண்டிக் கிளட்ச்சு, அதே நார் பிளேட்டு. பட்டன் கிட்டன் வேணாம். கத்துக்குட்டி கால் வச்சாலும் பொறுத்துப் போறதா இருக்கணும். ஓட்டுறவன் காலு பெடல விட்டு லேசுல எறங்காது" என்றாய். சேகர் சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் குடிப்பது போல உள்ளே போய்விட்டேன்.

அதன் பிறகு நீ இடது சீட்டுக்காரன் ஆனாய். அந்த சீட்டிலிருந்து உன் வலது கை என் இடது முழங்காலுக்கு நன்றாக எட்டியது. கியர் மாற்றிய பிறகும் என் கால் பெடலில் இருந்தால் முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டு விரலால் தட்டுவாய். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாய், தட்டு மட்டும். வாரம் ஒரு முறை உன்னை ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் போய் வருவேன். பேச்சு குழறத் தொடங்கிய பிறகும் தட்டு தெளிவாக இருந்தது.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. சில நாள் தோப்புக்கு வந்தால் வண்டியைத் தொடுவதற்கு முன்பே கருகின வாசம் வரும். வண்டி எப்போதும் உன் வீட்டில்தானே நிற்கும். "என்ன மாமா, நான் வந்து அஞ்சாறு நாளாச்சு, இப்ப எப்படி வாடை?" என்று கேட்டால், "எல்லாம் நீ போன தடவ ஓட்டுனதுதான். ஒங்காலு மகிமை. போகவே மாட்டேங்குது" என்பாய். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. அக்கா அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குள் போய்விடுவார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாகக் கிடக்கிறவன் ஆசையாகக் கொடுத்த வண்டியை இப்படிக் கருக்குகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கியருக்கும் காலை எடுத்து, பெடலுக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றிப் பழகினேன். முதலில் நினைத்து நினைத்து எடுத்தேன். பிறகு தானாக எழுந்தது. ஒரு நாள் மலையடிவாரம் போய்த் திரும்பும் வரை நீ ஒரு தடவைகூடத் தட்டவில்லை. இறங்கும்போது, "இப்பத்தாண்டா நீ டிரைவரு" என்று நீ குழறிச் சொன்னது காதில் தெளிவாக விழாவிட்டாலும் எனக்குப் புரிந்தது.

நீ போன பிறகு வண்டி நின்றால் வீணாகிவிடும், நீங்களே வைத்து ஓட்டுங்க தம்பி என்று அக்கா சொல்லிவிட்டார். சில வருஷங்களாக நான்தான் ஓட்டுகிறேன். இப்போது பேரிங் சத்தம் வந்து, மறுபடியும் பழனி ரோட்டில் இன்ஜின் கத்தி வண்டி நகராமல் நின்றது. எனக்கு உன் பல் தெரிந்தது.

சேகரின் கேள்விக்குப் பதில் கேட்க இன்று மதியம் பஸ் ஏறிக் கன்னிவாடிக்குப் போனேன். வண்டி அக்கா பெயரில்தானே இருக்கிறது, ஒரு வார்த்தை கேட்காமல் செய்யக் கூடாது. தேங்காய் உரித்துப் போட்டிருந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டு கிட் பற்றிச் சொன்னேன். மாமா ஆசைப்பட்டது, என் செலவிலேயே போட்டுவிடுகிறேன் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது ரொம்பக் கெட்டியா இருக்குமோ தம்பி?" என்றார்.

"கொஞ்சம் இருக்கும்க்கா. ஏன்?"

"இல்ல, நான் ஓட்டலாம்னு பாத்தேன்."

நான் சிரித்துவிட்டேன். கார் ஓட்டுவது அவ்வளவு லேசு இல்லை, முதலில் கிளட்ச் என்றால் என்ன என்று தெரிய வேண்டும் என்று உன் குரலிலேயே ஆரம்பித்தேன். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது காலால் தரையை முழுசாக அமுக்கினார். இடது கையால் இல்லாத கியரைப் போட்டார். காலை மெதுவாக விட்டு, எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு தன் இடது முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டு விரலால் தட்டிக்கொண்டார்.

அதே இடம், மாமா. அதே இரண்டு விரல்.

"இந்தத் தோப்புக்குள்ளயேதான். அவருக்குக் கை நல்லா இருந்த வரைக்கும் சொல்லிக் குடுத்தாரு. நான்தான் ஒங்க கிட்டச் சொல்ல வேணாம்னேன். தம்பி சிரிக்கும்னு. மொதல்ல கிளட்ச்ச விடவே தெரியாது, ஒரே பொகை. நீங்க வந்து வாடை வருதேன்னு கேப்பீங்க, எனக்கு உசுரே போயிரும். இவரு ஒங்க தலையில தூக்கிப் போட்டுருவாரு." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அவரு போனப்புறம் அந்த சீட்டுல உக்கார எனக்கு மனசு வரல. இப்ப வந்திருக்கு."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? எத்தனை ஏச்சு, எத்தனை வெட்கம்! கத்துக்குட்டி கால் வைத்தாலும் பொறுத்துப் போக வேண்டும் என்று சேகரிடம் சொன்னாயே, சேகர் என்னைப் பார்த்துச் சிரிக்க, நான் என் காலைத்தான் சொல்கிறாய் என்று நம்பிக்கொண்டு உள்ளே போய் அழுதேனே! அங்கேயே இரண்டு பேர் காலுக்குக் கணக்குப் போட்டிருக்கிறாய். நீ எதிரே இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். பிடித்துவிட்டு அப்படியே கட்டிக்கொண்டிருப்பேன். செய்யாத தப்புக்குத் திருந்தியவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான்.

நாளைக் காலை சேகரிடம் சொல்லப்போகிறேன். வெளிநாட்டு கிட் வேண்டாம். மாமா சொன்னதே, அதே பெரிய வண்டிக் கிளட்ச், அதே நார் பிளேட்டு. ஓட்டப்போவது எங்க அக்கா. மலையடிவாரம் வரைக்கும் பழக்கிவிட இடது சீட்டில் நான் உட்கார்ந்துகொள்வேன். தட்டுவதற்கு எனக்கு உரிமை இல்லை, வாயால்தான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியிருக்காது என்றுதான் தோன்றுகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் இடம் கிடைத்தது. கன்னிவாடியைத் தாண்டியதும் அவர் கிளட்ச்சை மிதித்துக் கியரை மாற்றினார். என் இடது கால் அவரோடு சேர்ந்து தரையை அமுக்கி, தானாகவே எழுந்து, பக்கத்தில் போய் உட்கார்ந்தது. திண்டுக்கல் வரும் வரைக்கும் ஒரு கியர்கூட அது மறக்கவில்லை மாமா.

உன் மாப்ள